மூன்று மானிட்டர் மாமா

தென் சென்னையில் மனிதர்கள் சதுர அடியில் பேசுவார்கள். மயிலாப்பூரில் சதுர அடி என்ன விலை, அடையாறில் என்ன விலை, தி.நகரில் பில்டர் எத்தனை சதவீதம் கொடுக்கிறார் என்பதையெல்லாம் கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்குள் விசாரித்து முடித்துவிடுவார்கள். அந்தப் பந்தியிலேயே அங்குலத்தில் பேசுகிறவர் ஒருவரும் உட்கார்ந்திருப்பார். "இருபத்திநாலு போதாது சார். இருபத்தேழு இருந்தாத்தான் எக்ஸெல்ல கடைசி காலம் தெரியும்" என்பார். பக்கத்து இலைப் பெரியவர், "அது யாருக்கு சார் தெரியறது?" என்று பெருமூச்சு விட்டுவிட்டு அப்பளத்தை நொறுக்குவார்.

அங்குலத்தில் பேசியவர்தான் மூன்று மானிட்டர் மாமா.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா செருகும் இடத்தில் இவர் ஒரு கன்வர்ட்டர் வைத்திருப்பார். உறவினர் வீட்டுக்குப் போனால், க்ஷேமம் விசாரிப்பதற்கு முன் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். "மூணு எச்டிஎம்ஐ இருக்கே, ரெண்டு சும்மாத்தானே கிடக்கு" என்று அந்தக் குடும்பத்துக்காக வருத்தப்படுவார். ஒற்றை லேப்டாப்பில் வேலை பார்க்கிறவரைக் கண்டால் அவர் முகத்தில் ஒரு கருணை படரும். "கஷ்டமா இல்லையோ?" என்று தணிந்த குரலில் கேட்பார்.

இந்த இனம் முன்பும் இருந்தது. ஆனால் ஷேர் புரோக்கர் அலுவலகங்களிலும் எடிட்டிங் அறைகளிலும் மட்டுமே வாழ்ந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகள் கம்ப்யூட்டர்களைப் பெட்டி கட்டி ஊழியர்களின் வீட்டுக்கே அனுப்பின. அலுவலகங்கள் மறுபடி திறந்தபோது கம்ப்யூட்டர் திரும்பிப் போனது. பழக்கம் போகவில்லை.

மாமாவின் ஆசையில் நியாயம் இல்லாமல் இல்லை. மந்தைவெளியில் தாத்தா கட்டிய வீடு இடிபட்டு, அடுக்ககமாகி, சித்தப்பாக்களுக்கும் அத்தைகளுக்கும் பிரிந்து, கடைசியில் இவர் கைக்கு வந்தது இரண்டு படுக்கையறை. ஒன்று அம்மாவுக்கும் மகளுக்கும். இன்னொன்றில் பீரோவும் கட்டிலும் போக மிச்சம் நடைபாதைதான். இவருக்கு ஹாலின் மூலை. அங்கே ஒரு தடுப்பு வைத்தால்கூட மாமியார் வந்தால் எங்கே படுப்பார் என்ற கேள்வி எழும். பால்கனியை மூடி அறையாக்கலாம் என்றால் மாநகராட்சி, சி.எம்.டி.ஏ., அசோசியேஷன் செயலாளர், கீழ்வீட்டுக்காரரின் வக்கீல் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரிலோ விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தினால் நாலு வரி வருகிறது. மூன்றாவது வரி 'எக்ஸ்டெண்ட்'. ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. பிளான் அப்ரூவல் கிடையாது, பத்திரப் பதிவு கிடையாது, சித்தப்பா கையெழுத்து கிடையாது. சென்னையில் ஒரு மனிதர் தன் எல்லையை இத்தனை சுலபமாக விரித்துக்கொள்ள வேறு மார்க்கம் இல்லை.

முதல் நாள் மட்டும் கொஞ்சம் சங்கடம். இரண்டாவது மானிட்டரைச் செருகியதும் அது 'டூப்ளிகேட்'டில் வந்து நிற்கும். இரண்டிலும் ஒரே படம். "ரெண்டிலயும் ஒண்ணுதானே தெரியறது, அப்புறம் எதுக்கு ரெண்டு?" என்று மாமி கேட்பாள். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் யாரும் அதைவிட நல்ல கேள்வி கேட்டதில்லை.

மூன்றாவது மானிட்டர் ரிச்சி தெருவில் பிறக்கிறது. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், மனிதன் செய்த எந்தக் கம்பிக்கும் மறுமுனை கிடைக்கிற தெரு அது. மாமாவின் கிராஃபிக்ஸ் கார்டில் மிச்சம் இருப்பது எச்டிஎம்ஐ. வாங்கப்போகும் மானிட்டரில் இருப்பது டிஸ்ப்ளே போர்ட்.

"டிபி ஒரு முனை, எச்டிஎம்ஐ ஒரு முனை. கேபிள் இருக்காப்பா?"

"இருக்கு சார். கார்டுல எது, மானிட்டர்ல எது?"

"எதா இருந்தா என்ன? ரெண்டு முனையும் இருக்கே?"

"கார்டுல டிபி இருந்து மானிட்டர்ல எச்டிஎம்ஐ இருந்தா வரும் சார். திருப்பிப் போட்டா வராது."

"ஏன் வராது?"

"வராது சார்."

கடைக்காரர் சொன்னது சத்தியம். கார்டில் இருக்கும் டிஸ்ப்ளே போர்ட் பெரும்பாலும் தானே எச்டிஎம்ஐ பாஷையும் பேசிவிடும், அதனால் சாதாரண கேபிளே போதும். எச்டிஎம்ஐ-க்கு அந்தப் பாஷை தெரியாது. எதிர்த் திசையில் போக வேண்டுமானால் நடுவில் சிப் வைத்த கன்வர்ட்டர் வேண்டும், அதற்குக் கரன்டும் கொடுக்க வேண்டும். மாமா நம்பாமல் மலிவான கேபிளை வாங்குவார். அடுத்த சனிக்கிழமை கன்வர்ட்டர் வாங்க வருவார். கடைக்காரர் எதுவும் சொல்லாமல், முதலிலேயே எடுத்து வைத்திருந்ததைக் கொடுப்பார்.

மானிட்டர் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நின்றபடி வீடு வரும். மாமாவின் முழங்கால்கள் இரு பக்கமும் விரிந்து ராயப்பேட்டைப் போக்குவரத்தை நிதானப்படுத்தும்.

ஞாயிற்றுக்கிழமை இணைப்பு வைபவம். மாலை நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் முடித்துவிடுவதாக மாமா அறிவிப்பார். மூன்று மணிக்கு ஒரு மானிட்டர் 'நோ சிக்னல்' என்று சொல்லிவிட்டு இருண்டு போகும். காரணம் எளிது. கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டரில், மதர்போர்டின் சொந்த எச்டிஎம்ஐ துளை பல சமயம் தானாகவே உறங்கிவிடும். பயாஸுக்குள் போய் அதை எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் எல்லா மானிட்டரையும் கார்டிலேயே செருக வேண்டும். இந்த இரண்டு வரியைக் கண்டுபிடிக்க ராகு காலம் முடிந்து, சாயரட்சை முடிந்து, ராத்திரி மோர்சாதமும் முடிந்துவிடும்.

மூன்றும் எரிந்த பிறகு இன்னொரு குழப்பம். வலது பக்கம் போன கர்சர் இடது மானிட்டரில் முளைக்கும். மேசையில் இருக்கிற வரிசை வேறு, கம்ப்யூட்டர் மனத்தில் இருக்கிற வரிசை வேறு. செட்டிங்ஸில் 1, 2, 3 என்ற பெட்டிகளை இழுத்து, மேசைப்படி அடுக்கினால் சரியாகிவிடும். மாமா அடுக்குவார். ஆனால் நடுப்பெட்டியை ஒரு விரற்கடை மேலே தூக்கி வைத்துவிடுவார். அதனால் கர்சர் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். "கர்சர் எங்க போச்சு?" என்று அவர் குரல் கொடுத்தால் மகள், மாமி, ஊரிலிருந்து வந்திருக்கிற அத்திம்பேர் ஆகிய மூவரும் ஆளுக்கு ஒரு திரையாகத் தேடுவார்கள். பெரும்பாலும் அத்திம்பேர்தான் கண்டுபிடிப்பார்.

மூன்று மானிட்டரும் மூன்று கம்பெனி. ஒரே எக்ஸெல் தாள் ஒன்றில் வெள்ளையாகவும், ஒன்றில் மஞ்சள் பூசினாற்போலவும், ஒன்றில் குளிரில் நீலம் பாரித்தும் தெரியும். உயரமும் வேறு வேறு. அதைச் சமன் செய்ய லிஃப்கோ அகராதியும் பழைய வருமான வரி ரெடி ரெக்கனரும் அடியில் போகும். அகராதியை மகள் கேட்டால், "நெட்ல பாரேன்" என்பார். கையில்லாத மானிட்டரைக் கைகொடுத்துத் தூக்கும் இரும்புக் கை ஒன்றை ஆர்டர் செய்ததும் உண்டு. மானிட்டரின் முதுகில் நூறு மில்லிமீட்டருக்கு நூறு மில்லிமீட்டர் சதுரத்தில் நாலு துளை இருக்கும், அதில் கை பொருந்தும். மறுமுனையில் உள்ள கவ்வி மேசையைக் கடிக்க வேண்டும். மேசை தாத்தாவின் தேக்கு மேசை. "அதுல ஒரு கீறல் விழுந்தாலும் நான் சாப்பிட மாட்டேன்" என்று அம்மா சொன்னதால் இரும்புக் கை இன்றும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

சரி, மூன்றிலும் என்ன ஓடுகிறது? அது பேட்டைக்குப் பேட்டை மாறும்.

லஸ் பக்கத்து மாமா ஆடிட்டர். இடது பக்கம் டாலி, நடுவில் எக்ஸெல், வலது பக்கம் வருமான வரித் தளம். ஜூலை 31 நெருங்க நெருங்க மூன்றுக்கும் நடுவே அவர் தலை இடவலமாக ஆடும். எதிரே உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர், தன் கணக்கு சரியில்லை என்று சொல்கிறாரோ என நடுங்குவார்.

அடையாறு காந்தி நகர் மாமா ஐ.டி. நடுவில் கோடு, இடது பக்கம் மீட்டிங், வலது பக்கம் சத்தம் நிறுத்திய கிரிக்கெட். கேமரா நடு மானிட்டரின் தலையில். கண் வலது பக்கம். ஆகவே அமெரிக்காவில் இருக்கும் மேலாளர் இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துப் பழகியது இவருடைய இடது காதைத்தான். "உங்க ஸ்கிரீனைக் காட்டுங்க" என்று அவர் சொல்லும் தருணத்தில் மட்டும் மாமாவுக்கு வியர்க்கும். 1-ஆ, 2-ஆ, 3-ஆ? தப்பான எண்ணைத் தட்டி, சேப்பாக்கத்தில் சென்னை அணி விக்கெட் இழப்பதை டல்லாஸ் வரை காட்டியவர்கள் உண்டு.

தி.நகர் மாமா வங்கியில் ஓய்வு பெற்றவர், பங்குச் சந்தை. காலை ஒன்பதே காலுக்குச் சந்தை திறக்கும் முன் குளித்து, விபூதி இட்டு, மூன்று திரைக்கும் முன்னால் அமர்ந்துவிடுவார். மூன்றிலும் பச்சையும் சிவப்பும் ஏறி இறங்கும். மூன்றரைக்குச் சந்தை மூடும்வரை வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது. 2024 செப்டம்பரில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஓர் ஆய்வை வெளியிட்டது. அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பங்கு எஃப் அண்ட் ஓ-வில், அதாவது ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸில், இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம். யார் வீட்டில் எத்தனை மானிட்டர் என்று செபி கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாமா நாலாவது வாங்கியிருப்பார்.

சரித்திரமும் மாமாவுக்கு அத்துப்படி. "1987-லயே மேக்கின்டாஷ் டூ-வில பல மானிட்டர் மாட்டலாம். விண்டோஸ் 98 வந்தப்போ ஒன்பது வரைக்கும் மாட்டலாம், தெரியுமோ?" என்பார்.

"ஒன்பதா?" என்பாள் மாமி. "அப்போ ஒண்ணு முகத்தை ஒண்ணு பார்க்காம வெச்சுடுங்கோ. சனிக்கிழமை சுத்தி வந்து எள்ளு விளக்கு ஏத்தறேன்."

மாமியின் கோபத்துக்குக் காரணம் பரணில் இருக்கிறது. மானிட்டர் வந்த அட்டைப்பெட்டிகளை, தெர்மாகோல் சகிதம், மாமா அங்கே ஏற்றி வைத்திருக்கிறார். "வாரண்டிக்கு வேணும்" என்பது சட்டம். அந்த இடத்தில்தான் கொலு பொம்மைப் பெட்டி இருந்தது. அது இறங்கி அம்மாவின் கட்டிலுக்கு அடியில் போய், அங்கே இருந்த வெங்கலப் பாத்திரம் கிளம்பி பால்கனிக்குப் போய், பால்கனியில் இருந்த துளசி மாடம் மொட்டை மாடிக்குப் போயிற்று. திரையில் எத்தனை அங்குலம் விரிந்ததோ அதைவிடக் கூடுதலாக வீடு சுருங்கியிருக்கிறது. கணக்கில் புலியான மாமா இந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பார்த்ததில்லை.

நவராத்திரியில் கொலுவுக்காக மேசை பறிபோகும். ஆயுத பூஜையன்று மூன்று மானிட்டருக்கும் சந்தனம், குங்குமம். முன்பெல்லாம் மானிட்டருக்கு அகலமான சட்டம் இருந்தது, பொட்டு அதில் ஏறும். இப்போது வருகிறவற்றில் சட்டமே இல்லை, ஆகவே மாமி கண்ணாடியிலேயே வைத்துவிடுவாள். விஜயதசமிக்கு மறுநாள் லஸ் ஆடிட்டர் மாமா ஒரு கட்சிக்காரரின் லாபத்தில் புதிதாக ஒரு தசமப் புள்ளி இருப்பதைக் கண்டு, காலை முழுக்கக் கணக்கைத் திரும்பக் கூட்டியதும் நடந்ததுதான்.

கழுத்து கடைசியில் வழக்குத் தொடுக்கும். பிசியோதெரபி நிபுணர் சொல்வார்: அதிகம் பார்க்கும் திரை நேர் எதிரே இருக்கட்டும், அதன் மேல் விளிம்பு கண் மட்டத்தைத் தாண்ட வேண்டாம், ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். கண் மருத்துவர் இன்னொன்று சேர்ப்பார்: இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம், இருபது அடி தள்ளி இருக்கும் ஒன்றை, இருபது விநாடி பாருங்கள். மாமா ஹாலில் இருபது அடி தேடுவார். கிடைக்காது. ஜன்னல் வழியே பார்த்தால் எதிர் அடுக்ககம் பன்னிரண்டு அடியில் நிற்கும். அதன் சமையலறையைத் தாண்டி உள்ளே பார்த்தால்தான் இருபது வரும். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் அந்த வீட்டுக்காரர் திரைச்சீலை போட்டுவிட்டார்.

இத்தனைக்கும் மாமா கையில் ஓர் ஆய்வு உண்டு. 2008-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் செய்தது. பதினெட்டு அங்குலத் திரையில் வேலை பார்த்தவர்களைவிட, இரண்டு இருபது அங்குலத் திரை வைத்திருந்தவர்கள் 44 சதவீதம் வேகமாக முடித்தார்களாம். அதே ஆய்வில், திரை இருபத்தாறு அங்குலமானதும் வேகம் மறுபடி குறைந்தது என்பதையும், ஆய்வுக்குச் செலவு செய்தது மானிட்டர் தயாரிக்கும் என்ஈசி கம்பெனி என்பதையும் மாமா சொல்வதில்லை.

இரண்டாவது மானிட்டர் உபயோகமான பொருள்தான். ஒன்றைப் பார்த்து ஒன்றில் எழுதுகிற எவருக்கும் அது வரப்பிரசாதம். மூன்றாவது வேலைக்காக வாங்கியதல்ல, சொந்தமாக ஒரு மூலை வேண்டும் என்ற ஏக்கத்துக்காக வாங்கியது. இத்தனை செலவழித்த மாமா உட்கார்ந்திருப்பது டைனிங் டேபிள் நாற்காலியில். கைப்பிடி கிடையாது, முதுகுப் பலகை நேர்க்கோடு, ஒரு கால் குட்டை. யாராவது சாப்பிட வந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆகையால் வீட்டில் இப்படி ஒரு மாமா வைத்திருக்கும் மாமிகளுக்கு ஒரு விண்ணப்பம். நாலாவது மானிட்டர் என்று பேச்செடுத்தால் தடுக்காதீர்கள். தடுத்தால் மறுநாளே ரிச்சி தெருவில் நிற்பார். அந்தப் பணத்தை வாங்கி நல்ல நாற்காலி ஒன்று போட்டுக்கொடுங்கள், அவர் ஆபீஸில் இருக்கும் நேரத்தில் பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கிவிடுங்கள். திரையை எத்தனை வேண்டுமானாலும் எக்ஸ்டெண்ட் செய்யலாம். முதுகுக்கு அந்த விசை இன்னும் வரவில்லை.