டெட் ஸ்பேஸ் மாமா

டேப்பைச் சர்ரென்று இழுக்கும் சத்தத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். புனேயில் வாகட் பக்கம் ஒரு பையன் லோன் போட்டு ஒன் பிஎச்கே வாங்கியிருக்கிறான் என்று காதில் விழுந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை டிபன் நேரத்துக்கு மாமா அங்கே ஆஜர். பிம்ப்ரியில் கம்பெனி வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். யாருக்கு மாமா என்றெல்லாம் கேட்கக் கூடாது. ஹிஞ்ஜவடிக்கு ஐடி வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மாமா.

வந்தவர் வீடு நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டுத் துழாவுவார். பிறகு ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் மாதிரி குரலைத் தாழ்த்துவார்: "தம்பி, இதெல்லாம் டெட் ஸ்பேஸுடா."

கட்டிலுக்கு அடியில் டெட் ஸ்பேஸ். வாசக்காலுக்கு மேலே டெட் ஸ்பேஸ். ஜன்னலுக்குக் கீழே, கமோடுக்கு மேலே, ட்ரை பால்கனியில் வாஷிங் மெஷினுக்குத் தலைக்கு மேலே, எல்லாம் டெட் ஸ்பேஸ். (வீட்டிலேயே அதிகம் ஈரமாக இருக்கும் இடத்துக்குப் புனே பில்டர்கள் வைத்திருக்கும் பெயர் ட்ரை பால்கனி. அதை விடுங்கள்.) ஃப்ளாட்டைக் கார்ப்பெட் ஏரியா கணக்கில்தான் விற்க வேண்டும் என்று 2016-ல் ரியல் எஸ்டேட் சட்டம் வந்ததே, அதில் மாமாவுக்கு ஒரு குறை உண்டு. "தரையை மட்டும் அளந்தா போதுமா? சீலிங் வரைக்கும் காத்துல போற இடத்துக்கு யார் கணக்கு?" அவர் கணக்கு எப்போதும் கன அடியில்தான்.

என் அக்கா மகன் வீட்டில் அவர் உயிர்ப்பிக்காத டெட் ஸ்பேஸ் பாக்கி இல்லை. கட்டில் மடங்கிச் சுவரோடு நிற்கும். இது புதிதல்ல, சான் பிரான்சிஸ்கோவில் வில்லியம் மர்பி என்பவர் நூறு வருடத்துக்கு முன்பே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அந்தக் காப்புரிமை கட்டிலோடு நின்றது. மாமா நிறுத்தவில்லை. கட்டிலின் வயிற்றில் மேஜை. கட்டிலை நிமிர்த்தினால்தான் மேஜையை விரிக்கலாம். மேஜையை விரித்தால் அலமாரிக் கதவு பாதிதான் திறக்கும். நாற்காலி அலமாரிக்குள், மடித்து வைத்தபடி. ராத்திரி பத்தரைக்கு அமெரிக்காக்காரனோடு மீட்டிங் என்றால் பையன் பத்து மணிக்கே வேலையை ஆரம்பிக்க வேண்டும். தலையணையையும் போர்வையையும் எடுத்துப் பரணில் போட வேண்டும். பரணுக்கு ஏணி வேண்டும். ஏணி மடக்கு சோபாவுக்கு உள்ளே. ஒரு வாரம் பார்த்தான். இப்போது பாத்ரூமில் கமோடு மூடிமேல் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துப் பேசுகிறான். வீட்டிலேயே மடங்காத இருக்கை அது ஒன்றுதான்.

அக்கா திருநெல்வேலியிலிருந்து வந்து சாமி படம் எங்கே வைப்பது என்று கேட்டாள். மாமா டேப்பை எடுத்தார். "செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ஒண்ணேகால் அடி டெட் ஸ்பேஸ் இருக்கும்மா." அன்றிலிருந்து அக்கா அவரோடு பேசுவதில்லை.

ஆனால் ஒன்று. மனுஷன் பத்துப் பைசா வாங்கியதில்லை. கொட்டுகிற மழையில் பவானி பேட் டிம்பர் மார்க்கெட்டுக்கு வந்து, ப்ளைவுட்டை விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, "கிச்சனுக்கு ஐஎஸ் 710 முத்திரை இல்லாம எடுக்காதே, எம்ஆர் ப்ளை தண்ணி பட்டா ஊதிடும்" என்று சொல்லித் தருகிற ஆள் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? அவர் சொன்னது சரியும்கூட. போரி ஆளி ஹார்ட்வேர் கடையில் ஒரு கீலுக்கு ஐந்து ரூபாய் குறைக்க அரைமணி நேரம் இந்தியிலும் மராத்தியிலும் சண்டை போட்டார். நடுநடுவே தமிழிலும் போட்டார். நாங்கள் டீ குடித்தோம்.

இருந்தாலும் எரிச்சல் எரிச்சல்தான். இருபத்து நாலு வயசுப் பையனிடம் என்ன சொத்து இருக்கிறது? இரண்டு பேக், ஒரு லேப்டாப், ஒரு குக்கர். இத்தனை டிராயரில் எதை வைப்பான்? திறந்து பார்த்தேன். ஸ்விக்கி பைகளும் கெட்சப் பாக்கெட்டுகளும்தான். போதாக்குறைக்குப் புனே மழை ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. வெளிச்சுவரை ஒட்டி இண்டு இடுக்கில்லாமல் அலமாரி அடித்தால் பின்னால் காற்று எங்கே போகும்? ஆகஸ்டில் பையனின் ஒரே கோட்டில் பச்சையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. சுவருக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டு அங்குலம் சும்மா விட்டிருந்தால் கோட்டு தப்பித்திருக்கும். அந்த இரண்டு அங்குலம்தான் மாமா கண்ணுக்கு டெட்.

புதிதாக வீடு வாங்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டு ஒரு மழைக்காலம் குடியிருந்து பாருங்கள். அதற்குள் மாமா டேப்போடு வந்துவிட்டால், "வாடகை வீடு மாமா, பதினோரு மாச அக்ரிமென்ட், ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார்" என்று சொல்லிவிடுங்கள். பத்திரம் உங்கள் பெயரில் இருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.