‘செட்டல்’ என்னும் சொல்லும் முன்னாள் மாணவர் மரபும்: பேராக் சான்றுகள் வழி ஓர் ஆய்வு

ஒரு கல்வி நிலையத்தில் படித்து வெளியேறியவரே முன்னாள் மாணவர் என்னும் பொதுக்கருத்து திருத்தத்துக்குரியது. வெளியேறியவுடன் ஒருவர் வேலை தேடுபவர் ஆகிறார். வேலை கிடைத்தபின் கடனாளி ஆகிறார். தாம் படித்ததைவிடத் தம் பிள்ளைகள் படித்ததைப் பற்றி அதிகம் பேசும் பருவம் வாய்க்கும்போதுதான், சராசரியாக மூட்டுவலியும் உடன் வர, அவர் முன்னாள் மாணவர் என்னும் நிலையை அடைகிறார்.

இவ்வாய்வின் நில எல்லை பேராக் மாநிலம். 1895இல் ஆங்கிலோ சீனப் பள்ளி, 1909இல் ஆண்டர்சன் பள்ளி, 1912இல் செயின்ட் மைக்கல், 1969இல் உங்கு ஒமார் பாலிடெக்னிக் எனக் கல்வி நிலையங்களை அடுக்கிக்கொண்டே வந்த ஈப்போ நகரம், ஈயத்துக்கு அடுத்தபடியாக உற்பத்தி செய்த பொருள் முன்னாள் மாணவரே ஆவர். ஈயத்தின் உலகச் சந்தை 1985இல் சரிந்துவிட்டது. மற்றப் பொருளின் மதிப்போ, அப்பொருளே தன்னைப் பற்றிக் கூறக் கேட்குங்கால், இன்றளவும் ஏறுமுகத்திலேயே உள்ளது.

இவர்களுள் தோட்டத்திலிருந்து வந்த தமிழரே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். 1877இல் கோலாகங்சாரில் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ தம் இல்ல வளாகத்தில் நட்ட ரப்பர்க் கன்றுகளுக்கும், இன்று ஈப்போ உணவகம் ஒன்றின் மாடியில் நடைபெறும் ஒன்றுகூடலுக்கும் உள்ள காரண காரியத் தொடர்பு ஐயத்துக்கு இடமற்றது: கன்று தோட்டமாயிற்று, தோட்டம் ஆள் கேட்டது, கடல் கடந்து வந்த ஆள் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைவீட்டில் பிள்ளை பெற்றார், அப்பிள்ளை தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும், மலாய்வழிப் படிப்புக்கு முன் தாண்ட வேண்டிய புகுமுக வகுப்பில் ஓராண்டும் கழித்து, நகரத்துப் படிவ வகுப்புகளைக் கடந்து, கல்லூரி கண்டு, கடைசியில் புலனக் குழு ஒன்றின் உறுப்பினர் ஆயிற்று. (புலனம் என்பது பிறநாட்டுத் தமிழர் வாட்ஸ்அப் என்று வழங்குவதற்கு மலேசியத் தமிழர் இட்ட பெயர். இத்துணை நல்ல பெயரைச் சூட்டியவர்கள் அதில் அனுப்புவது என்ன என்பது வேறு ஆய்வுக்குரிய பொருள்.)

உறுப்பினரின் காலத்தைக் கணிப்பது எளிது. அகழாய்வாளர் மண்ணடுக்கைக் கொண்டு காலம் கணிப்பதுபோல, இங்குத் தேர்வுப் பெயர்களைக் கொண்டு கணிக்கலாம்: எம்சிஇ என்பவர் மிகக் கீழடுக்கினர், எஸ்ஆர்பி என்பவர் இடையடுக்கினர், பிஎம்ஆர் என்பவர் 1993 முதலாகத் தேர்வெழுதியவர், குழுவில் அவர் ‘தம்பி’. ‘தெலுக் ஆன்சன்’ என்று எழுதுவோரை, 1982இல் அவ்வூர் தெலுக் இந்தான் ஆனதை ஏற்காதவராகக் கருதி, எம்சிஇ அடுக்கிலேயே வைத்தல் தகும்.

இவர்தம் இருப்பிட வரலாற்றில் அறிஞர் எவரும் கவனியாது விட்ட நுட்பம் ஒன்று உண்டு. தோட்டம் துண்டாடப்பட்டும், ரப்பர் வீழ்ந்து செம்பனை எழுந்தும், லயம் இடிக்கப்பட்டும் வெளியேறிய குடும்பங்கள் பெரும்பாலும் குடிபுகுந்தது ‘தாமான்’ எனப்படும் வீடமைப்புப் பகுதியில். தாமான் என்னும் மலாய்ச் சொல்லின் பொருள் தோட்டம். ஆக, தோட்டத்தை விட்டோம், முன்னேறினோம் என்று ஆண்டுதோறும் மேடையில் முழங்குவோர், சொற்பொருள் நோக்கில், தோட்டத்தை விட்டுத் தோட்டத்துக்கே போயினர்.

இனிக் குழுவில் வரும் செய்தி வகைகள்.

தொழில் பற்றியவை டத்தோ பட்டம் பெற்றோர் செய்திகள், பெறாதோர் செய்திகள் என இரண்டாம். பின்னவை யாவும் முன்னவரைப் பற்றியனவே ஆதலின் விரிக்கப்படவில்லை.

மறைவுச் செய்தி: இதில் ஆய்வுக்கு இடமில்லை.

காலை வணக்கம்: விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தாமரை, குத்துவிளக்கு அல்லது ஆவி பறக்கும் காப்பிக் கோப்பையுடன் வருவது. செய்தியே இல்லாத இதைச் செய்தி வகையுள் சேர்க்கலாகாது என்பார் ஒரு சாரார். அந்நேரம் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகுமுன் ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, உரிய நேரம் என்பதை அவர்கள் நோக்கவில்லை. இருட்டில் தந்தையர் களத்தில் நின்று பெயருக்குக் குரல் கொடுத்தனர். மக்கள் படுக்கையில் கிடந்தபடி தாமரை அனுப்புகின்றனர். ஒருநாள் ஒருவரின் தாமரை வராதுபோயின், ஏழு மணிக்குள் அவர் வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு போய்விடுகிறது (குழுச் சுவடி, காலை 6.50, ‘என்னப்பா, பூவைக் காணோம்?’).

குடும்பச் செய்தியே எஞ்சுவது. அதன் உயிர்நிலை ‘செட்டல்’ என்னும் ஒரே சொல்.

மலேசிய வழக்கில் இச்சொல் முப்பொருள் உடையது. சிக்கல் தீர்தல் ஒன்று: ‘வீட்டுக் கடன் செட்டல்’. சாலையோரத்தில் சீருடையாளரும் வண்டியோட்டியும் தாழ்ந்த குரலில் உடன்பாடு காணுதல் மற்றொன்று. இதற்கு எடுத்துக்காட்டு தருவது முறையன்று. பிள்ளை அயலூரில் நிலைபெறுதல் மூன்றாவது: ‘மூத்தவன் மெல்பர்ன்ல செட்டல்.’ இம்மூன்றுக்கும் பொதுவான கருத்து, இனி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதே.

சொற்பிறப்பில் அறிஞர் மூன்று அணியாகப் பிரிவர். உலகின் எச்சொல்லும் தமிழினின்று பிறந்தது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு பிறகு சொல்லைத் தேடும் முதல் அணியினர், ‘செட்டில்’ என்று பாடங்கொண்டு, செட்டு என்பது சிக்கனம், இல் என்பது வீடு, ஆகவே சிக்கனமான வீட்டில் வாழ்தல் எனப் பொருளுரைப்பர். மெல்பர்ன் வீட்டு விலையை அறிந்த பெற்றோர் இதை ஏற்பதில்லை. இரண்டாம் அணியினர் ‘செட்டல்’ என்பதே மூலபாடம் என்றும், செட்டு அல், அதாவது சிக்கனம் அல்லாதது என்று பிரிப்பதே மெய்ம்மைக்குப் பொருந்தும் என்றும் கூறுவர். மூன்றாம் அணியில் ஒருவரே உள்ளார், அல் என்பதற்கு இரவு என்னும் பொருளும் உண்மையின், லண்டனில் உள்ள பிள்ளை வேலை முடிந்து தாயை அழைக்கும்போது இங்கு நள்ளிரவு தாண்டிவிடுவதையே இச்சொல் குறிக்கிறது என்பது அவர் துணிபு (குழுச் சுவடி, இரவு 1.12, குரல்பதிவு, பின்னணியில் மின்விசிறி, இடையே ஒரு பெருமூச்சு, அது பேசுபவருடையதா, அருகில் படுத்திருந்த மனைவியுடையதா என்பதில் கேட்டோர் ஒன்றுபடவில்லை). முதல் ஈரணியினரும் இவரை அறிஞராகவே ஒப்புவதில்லை. இவர் இதுவரை ஒரு மாநாட்டிலும் பொன்னாடை பெற்றவர் அல்லர். 1966 ஏப்ரலில் தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியது கோலாலம்பூரில்தான். அதற்குப் பிந்திய மாநாட்டு மேடைகளில் கட்டுரைக்குரிய நேரம் சுருங்கச் சுருங்கப் பொன்னாடைக்குரிய நேரம் வளர்ந்து வந்திருப்பதால், இத்தகையோரின் ஆய்வுகள் புலனத்திலேயே தங்கிவிடுகின்றன.

மூன்றாம் பொருளில் வரும் செட்டலின் இலக்கணக் கூறுகள் வருமாறு. செட்டல் தன்மை இடத்தில் வாராது. எவரும் ‘நான் செட்டல்’ என்று எழுதியதற்குச் சான்று இல்லை. ஊர்ப்பெயரோடு மட்டுமே வரும். அவ்வூர் கடலுக்கு அப்பால் இருத்தல் சிறப்பு. சிங்கப்பூரைக் கடலுக்கு அப்பால் எனக் கொள்ளலாமா என்னும் வினா, பாலம் ஒன்றாலேயே கடந்துவிடக் கூடியது ஆகையால், நீண்ட நாள் தீராதிருந்து, நாணய மாற்று விகிதத்தைக் கண்டபின் ஒருமனதாக ஏற்கப்பட்டது. பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம் ஆகியவை ‘சொந்த வீடு’ என்னும் அடைமொழி இருப்பின் மட்டும் செட்டலுக்கு உரியன. ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா ஆகிய ஊர்களோடு இச்சொல் புணர்ந்து வந்ததே இல்லை.

அவ்வூர்களில் பிள்ளை இருப்பின் என்ன செய்வது? அங்கேதான் ஏகாரம் வருகிறது. ‘சின்னவன் ஈப்போவிலேயே இருக்கான்.’ ‘எங்களோடேயே இருக்கான்.’ நன்னூலார் ஏகாரத்துக்குத் தேற்றம், பிரிநிலை, வினா, எண், இசைநிறை, ஈற்றசை என ஆறு பொருளே கண்டார். அவர் காலத்தில் பிள்ளைகள் மெல்பர்ன் போகாமையால் ஏழாவதைக் காண அவருக்கு வாய்ப்பில்லை. இவ்வேழாவது ‘ஏக்க ஏகாரம்’ எனப் பெயரிடப்படுகிறது. எழுதுபவர் தலையைச் சற்றே குனிந்துகொண்டு இடுவது இது. இதை எழுதி அனுப்பிப் பின் அழித்து, ஏகாரம் நீக்கி மீண்டும் அனுப்பியதற்கும் ஒரு சான்று உண்டு (குழுச் சுவடி, ‘இச்செய்தி நீக்கப்பட்டது’ என்னும் குறிப்பு மட்டும் எஞ்சியது, மூலம், நீக்குமுன் படித்த இருவரின் வாய்மொழியால் மீட்கப்பட்டது, இருவருள் ஒருவர் அப்போது மூக்குக்கண்ணாடி அணிந்திருக்கவில்லை, மற்றவர் அவர் சொல்லக் கேட்டவர்).

ஏகாரத்தின் பயன் ஒன்றுகூடலில் வெளிப்படுகிறது. செட்டல் பிள்ளைகளின் பெற்றோர் கோலாலம்பூரிலிருந்து ரயிலேறி, கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்து 1917இல் நிறைவுற்ற ஈப்போ நிலையத்தில் வந்து இறங்கும்போது, வெளியே வண்டியுடன் நிற்பவன் ஏகாரப் பிள்ளை. நாற்காலி அடுக்குபவனும், ஒலிவாங்கி கீச்சிடும்போது பின்னால் போய் ஏதோ ஒன்றை முறுக்குபவனும், டத்தோ பேசி முடிக்கும்வரை சோற்றைச் சூடாக வைத்திருப்பவனும் அவனே. மாலையில், பழைய தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று நால்வர் கேட்க, செம்பனைக்கு நடுவே மண்சாலையில் வண்டியை ஓட்டிப் போய், லயம் இருந்த இடத்தை அவர்களுக்கு முன்பே அடையாளம் காட்டுபவனும் அவன்தான். லயத்தில் அவன் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. அங்கு மிஞ்சிய மாரியம்மன் கோயிலுக்கு ஆண்டுதோறும் தாயை அழைத்து வருபவன் என்பதால் வழி தெரியும்.

நிறைவாகக் குழுப்படம். வெள்ளை முடியும் சாயமிட்ட முடியுமாக மூன்று வரிசை. அடியில் இடமிருந்து வலமாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயரை அடுத்தும் பிள்ளைகள் செட்டலான ஊர். அன்றிரவு மெல்பர்னிலிருந்து ஒரு மகள், படம் தெளிவாக இருக்கிறதே, எடுத்தது யார் என்று தந்தை வழியாகக் கேட்க, கிடைத்த விடை இது: ‘நம்ம பையன், இங்கேயே இருக்கானே!’

‘இங்கே’ என்பதன் இறுதியைக் கணக்கில் கொள்ளாவிடின், இவ்விடையில் ஏகாரம் இரண்டு. முன்னது ஏழாம் பொருளது. பின்னது எப்பொருளது என்பது மேலாய்வுக்குரியது.