பத்தரை மாற்று கிராபிக்ஸ் கார்டு

நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்யும் ஆசாரிமாருக்குப் பிழைக்கத் தெரியாது. வெள்ளித் தகட்டில் கெம்புக் கல் பதித்து மேலே தங்கத் தாள் ஒட்டுகிறார்கள். ஒட்டியதை ஒட்டியது என்று சொல்லியே விற்கவும் செய்கிறார்கள். சாமிக்குச் சாத்துகிறவருக்கும் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு வாங்குகிறவருக்கும் உள்ளே இருப்பது வெள்ளி என்று தெரியும். இத்தனை தலைமுறைக் கைவேலைக்குக் கிடைத்தது ஒரு புவிசார் குறியீடு. கலிபோர்னியாவில் சாண்டா கிளாரா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே போய்க் கொஞ்ச நாள் தொழில் பழகியிருந்தால் கோடீஸ்வரர்களாகத் திரும்பியிருப்பார்கள். கிராபிக்ஸ் கார்டு விற்கும் என்விடியாவுக்கும் ஏஎம்டிக்கும் அந்த ஊர்தான் தலைமையிடம். அவர்கள் தாள்கூட ஒட்டுவதில்லை. வெள்ளிக்கும் தங்கத்துக்கும் ஒரே பேரை வைத்துவிடுகிறார்கள்.

என்விடியாவின் ஜிடி 1030 என்ற கார்டின் கதையைக் கேளுங்கள். 2017-ல் வந்தபோது அதில் ஜிடிடிஆர்5 நினைவகம் இருந்தது. நொடிக்கு 48 ஜிபி தரவு ஓடும். மறு வருஷம் சத்தமில்லாமல் இன்னொன்று வந்தது. அதில் டிடிஆர்4 நினைவகம், ஓட்டம் நொடிக்கு 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். பேர் மட்டும் அதே ஜிடி 1030. பெட்டியில் பொடி எழுத்தில் டிடிஆர்4 என்று போட்டிருக்குமே, நீர் பார்த்து வாங்கியிருக்க வேண்டாமா என்று கேட்பார்கள். பால் என்று எழுதிய பாக்கெட்டில் தண்ணீரை அடைத்துக் கொடுத்தவன் கேட்க வேண்டிய கேள்விதான்.

இது ஒருமுறை நடந்த கைப்பிசகு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2014-ல் ஜிடிஎக்ஸ் 970-ஐ 4 ஜிபி கார்டு என்று விற்றார்கள். அதில் 3.5 ஜிபிதான் முழு வேகத்தில் ஓடும், கடைசி அரை ஜிபி நொண்டும் என்பதை வாங்கியவர்கள் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் வழக்குப் போட்டவர்களுக்குக் கார்டுக்கு 30 டாலர் என்று 2016-ல் தீர்த்தார்கள். நம்மூரில் வாங்கியவனுக்குப் பூஜ்ஜியம். 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பேரில் 16 ஜிபி, 12 ஜிபி என்று இரண்டு கார்டுகளை அறிவித்தார்கள். வித்தியாசம் நினைவகத்தில் மட்டும் என்றுதானே நினைப்போம்? ஒன்றில் 9,728 கோர், மற்றதில் 7,680. சிப்பே வேறு. உலகம் பூராவும் காறித் துப்பியதும் அக்டோபர் 14 அன்று 12 ஜிபி கார்டைத் திரும்பப் பெற்றார்கள். ஜனவரியில் அதுவே ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ என்ற பேரில், 100 டாலர் குறைந்த விலையில் வந்து உட்கார்ந்தது. யாரும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த 100 டாலர் யார் பையில் இருந்திருக்கும்?

ஏஎம்டி ஏழைப் பங்காளன் என்று நினைக்கிற பையன்கள் நிறையப் பேர். அவர்களுக்காக ஒரு செய்தி: 'ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி' என்று ஒரு கார்டு உண்டு. உண்மையான 580-ல் 2,304 கோர். இதில் பேரிலேயே எழுதியிருக்கிறபடி 2,048, அதாவது ஆர்எக்ஸ் 570-ன் கணக்கு. விற்கும்போது அந்த 2048எஸ்பி வால் எங்கேயோ அறுந்து விழுந்துவிடும். 580 மட்டும் நிற்கும்.

இந்த நாமகரண விழா முடிந்து சரக்கு நம் பக்கம் வருகிறது. வளைகுடாவிலிருந்து வந்த பணமோ ரப்பர் பால் விற்ற காசோ கையில் இருக்க, அப்பாவும் மகனும் வடசேரி கிறிஸ்டோபர் பேருந்து நிலையத்தில் இறங்குகிறார்கள். பையனுக்கு வேலரன்ட் என்ற துப்பாக்கி ஆட்டத்தில் ரேங்க் ஏற வேண்டும். அப்பாவிடம் அதை 'இன்ஜினியரிங் படிப்புக்கு' என்று மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறான். எந்த ஊர்க் கடையிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது:

"4 ஜிபி கார்டு இருக்கு அண்ணாச்சி. பயலுக்கு நாலு வருஷத்துக்குக் கவலை இல்ல."

"என்ன கார்டுண்ணே?"

"4 ஜிபி மக்கா. 2 ஜிபிக்கு இது அப்பன்."

அவன் கேட்டது பேரை. கிடைத்தது எடை. அந்த 4 ஜிபி, பெரும்பாலும் 2014-ல் வந்த ஜிடி 730 ஆக இருக்கும், அதுவும் டிடிஆர்3 நினைவகத்தோடு. கோயில் வாசலில் படம் காட்டுகிற கம்ப்யூட்டருக்குப் போதும். கூடவே மின்சாரம் கொடுக்க, பேர் தெரியாத ஒரு எஸ்எம்பிஎஸ். 450 வாட் என்று ஸ்டிக்கர் சொல்லும், உள்ளே இருப்பது ஆண்டவனுக்கு வெளிச்சம். பக்கத்தில் முப்பந்தலில் காற்றாலை ராப்பகலாகச் சுற்றுகிறது, வீட்டில் வோல்டேஜ் கண்ணடிக்கிறது. அந்த எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போகாது. கார்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

இதைவிடக் கொடுமை அடுத்த கடையில். அங்கே விற்கிறவன் விவரமானவன். பயலைத் தூண்டிலில் போட்டு, அப்பாவின் மூன்று மாசச் சம்பளத்துக்கு ஒரு கார்டைத் தலையில் கட்டி அனுப்புகிறான். மூன்று விசிறி, வானவில் விளக்கு, கண்ணாடிக் கூடு. தொண்டைமானின் ஆயுதசாலைக்குத் தூது போன ஔவை, மயிற்பீலி சூட்டி நெய் பூசிப் பளபளவென்று வைத்திருந்த வேல்களைப் பார்த்துப் புகழ்ந்துவிட்டு, அதியமான் வேல்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாளாம். புறநானூற்றில் இருக்கிறது. அந்தப் புகழ்ச்சியின் குத்து தொண்டைமானுக்குப் புரிந்திருக்கும். நம் பையன் அந்தக் கண்ணாடிக் கூட்டைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொண்டிருக்கிறான்.

அவன் ஆடப்போகிற ஆட்டத்துக்கு என்ன வேண்டும்? என்னைக் கேட்க வேண்டாம். வேலரன்ட்டைச் செய்த ரயட் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. நொடிக்கு 30 பிரேமுக்கு இன்டெல் எச்டி 4000 போதும். அது 2012-ல் வந்தது, தனி கார்டே கிடையாது, பிராசஸருக்குள்ளேயே இருப்பது. 60 பிரேமுக்கு அந்த ஜிடி 730. 144-க்கு மேல் வேண்டும் என்றால் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. அது 2016-ன் கார்டு. ஏழை நாடுகளின் இன்டர்நெட் கடையிலும் ஓட வேண்டும் என்றே இப்படிச் செய்தார்கள், கூட்டம் சேர்ந்தால்தானே துப்பாக்கிக்குப் பெயின்ட் அடித்து விற்க முடியும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 கொஞ்சம் பசி கூடியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதிலும் தொழில்முறையாக ஆடுகிறவர்களில் ஏராளமானோர் 1280க்கு 960 என்ற பழைய அளவில், அலங்காரத்தை எல்லாம் குறைத்து வைத்து ஆடுகிறார்கள். அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிராசஸர். அதற்குப் பணம் ஒதுக்காமல் கார்டில் கொட்டியவன், ஒற்றை ரேம் குச்சியைச் சொருகிவிட்டு எதிரியைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

மானிட்டரைக் கேட்கவே வேண்டாம். ஆபீசில் கழித்துப் போட்ட 60 ஹெர்ட்ஸ் பெட்டி. அது ஒரு படத்தை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் மாற்றும். கார்டு நொடிக்கு 300 படம் வரைந்து கொட்டினாலும் கண்ணுக்கு வருவது 60. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் இந்த இடைவெளி 6.9 மில்லிசெகண்டாகச் சுருங்கும். சுவர் மூலையிலிருந்து எட்டிப் பார்க்கிறவனை முதலில் பார்ப்பது யார் என்பது இங்கேதான் முடிவாகிறது. அப்படி ஒரு மானிட்டரை வாங்கிவிட்டு, விண்டோஸ் அமைப்பில் போய் 144 என்று மாற்றாமல் மாசக்கணக்காக 60-லேயே ஆடுகிறவர்களும் உண்டு. கேபிளைக் கார்டில் குத்தாமல் மதர்போர்டில் குத்திவிட்டு, 'கார்டு மட்டம்' என்று திட்டுகிறவர்களும் உண்டு. திட்டு வாங்கிய ஒரு தடவையாவது கார்டு குற்றமற்றது என்று இந்த வகையில் சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம் பிங், அதாவது செய்தி சர்வருக்குப் போய்வரும் நேரம். நாகர்கோவிலிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் 1,300 கிலோமீட்டர். வேலரன்ட்டின் இந்தியச் சர்வர் அங்கேதான். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். நேராக இழை போட்டிருந்தாலே போய்வர 13 மில்லிசெகண்ட். இழை நேராகப் போவதில்லை. நம்ம மும்பை எக்ஸ்பிரஸ் மாதிரி ஊரெல்லாம் சுற்றித்தான் போகிறது. எந்தக் கார்டும் இந்தத் தூரத்தை ஒரு முழம்கூடக் குறைக்காது. கார்டு விற்கிறவன் இதைச் சொன்னதாகக் கேள்விப்பட்டதுண்டா?

இந்த இடத்தில்தான் மன்னர் மேடை ஏறினார். 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில், தோல் ஜாக்கெட்டோடு என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 இனி 4090-ன் வேகம் தரும் என்றார். 4090 வந்தபோது 1,599 டாலர். எப்படி இந்த அற்புதம்? நாலு பிரேமில் மூன்றைக் கார்டு கணித்துப் போட்டுக்கொள்ளும். அந்த மூன்றில் உன் மவுஸ் அசைவு கிடையாது, சர்வர் சொன்ன செய்தியும் கிடையாது. கதைப் படம் போல ஆடுகிற ஆட்டத்துக்கு அழகாகத்தான் இருக்கும். சுட்டுப் பிழைக்கிற ஆட்டத்தில் தாமதத்தைக் கூட்டத்தான் செய்யும். எண்ணிக்கை ஏறும், உயிர் போகும். இதற்குப் பேர் வேகம் என்றால், இலையில் ஒரு கரண்டி சோறு வைத்துவிட்டு மூன்று கரண்டிச் சோற்றின் படத்தை ஒட்டுவதற்குப் பேர் விருந்து.

கோபம் வருவது ஏமாற்றினார்கள் என்பதற்காக மட்டுமில்லை. இந்தப் பையன்கள் காசில் வளர்ந்தவர்கள் இவர்கள். 2021-ல் கிரிப்டோ சுரங்கக்காரர்கள் கார்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனபோது, ஆடுகிற பையனுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை, மிஞ்சியதற்கு இரட்டை விலை. 2022 மே மாதம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் என்விடியாவிடம் 55 லட்சம் டாலர் அபராதம் வாங்கியது. 2018 நிதியாண்டில் விளையாட்டுக் கார்டு விற்பனை ஏறியதற்குச் சுரங்கக்காரர்கள் முக்கியக் காரணம் என்பதை முதலீட்டாளர்களிடம் மறைத்ததற்காக. முதலீட்டாளனை ஏமாற்றினால் அபராதம். வாடிக்கையாளனை ஏமாற்றினால் அடுத்த மாடல். அந்த வருஷம் செப்டம்பர் 15-ல் எதீரியம் சுரங்க முறையைக் கைவிட்டதும், ராப்பகலாக வெந்த கார்டுகள் துடைத்து மினுக்கப்பட்டுப் பழைய சரக்குச் சந்தைக்கு வந்தன. 'வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடினது' என்ற நற்சான்றோடு.

அப்புறம் ஏஐ வந்தது. 2022 நிதியாண்டு வரை என்விடியாவுக்கு அதிக வருமானம் விளையாட்டுப் பிரிவில். 2025 நிதியாண்டில் மொத்தம் 13,050 கோடி டாலர், அதில் தரவு மையங்கள் 11,520 கோடி, விளையாட்டு 1,135 கோடி. நூறு ரூபாயில் ஒன்பது ரூபாய்கூடத் தேறாது. 2025 அக்டோபரில் கம்பெனியின் மதிப்பு 5 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. டிசம்பரில் மைக்ரான், குருசியல் என்ற பேரில் சாதாரண ஜனங்களுக்கு ரேம் விற்பதையே நிறுத்துவதாக அறிவித்தது. ஏஐ தரவு மையங்களுக்கு விற்பதில் லாபம் கூடுதலாம். ஏணி வேண்டாம் என்று ஆனபிறகு அதை உதைத்தாவது தள்ளலாம். இவர்கள் அதையும் விறகு விலைக்கு நமக்கே விற்கிறார்கள்.

டில்லியை விட்டுவிட மனசில்லை. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தில் இ-ஸ்போர்ட்ஸுக்கு அங்கீகாரம், ஊக்கம், எல்லாம் உண்டு. அடுத்த மாதம் ஜிஎஸ்டி திருத்தம். கேரம் பலகைக்கு 5 சதவீதம் ஆனது. கிராபிக்ஸ் கார்டுக்கு அதே 18. மேடையில் அது விளையாட்டு, ரசீதில் அது கம்ப்யூட்டர் சாமான். இதே அரசு 2020-ல் பப்ஜியைத் தடை செய்தது. மறு வருஷம் அது பிஜிஎம்ஐ என்று பேர் மாற்றி, ரத்தத்தைப் பச்சையாக்கி வந்து நின்றபோது தடுக்கவில்லை. பேர் மாற்றி விற்கும் கலை சாண்டா கிளாராவுக்கு மட்டும் சொந்தமில்லை.

கடைசியாக வாங்கப் போகிறவர்களுக்கு. 'எத்தனை ஜிபி' என்று கேட்காதீர்கள். மாடலின் முழுப் பேர், நினைவகத்தின் வகை, அதன் பாதை எத்தனை பிட் என்று கேட்டு, மூன்றையும் ஜிஎஸ்டி ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கிற கடையிலிருந்து இறங்கி வந்துவிடுங்கள். வீட்டில் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ரசீதில் உள்ளதும் திரையில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுத்து வையுங்கள். மாறியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். சரிப்படவில்லை என்றால் நாகர்கோவிலிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கிற ஊரிலேயே புகார் கொடுக்கலாம், விற்றவன் டில்லியில் இருந்தாலும் சரி, ஆன்லைனில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.