‘அப்’பும் ‘ஆஃப்’பும்: செங்கல்பட்டு வட்டாரம் குறித்து ஒரு முதற்கட்ட ஆய்வு

ஆங்கில வினைக்குப் பின்னால் ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’ என்று ஒரு குட்டிச்சொல் ஒட்டிக்கொண்டால் பொருள் எங்கோ போய்விடும். வெளிநாட்டாருக்கு இதுதான் பெரும்பாடு என்று 1755-இல் வந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் எழுதினார். ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்று அதற்குப் பெயர் பரவியது 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித்தின் நூலுக்குப் பிறகு. இருவரும் செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்கியதில்லை என்பது துறைக்கு நேர்ந்த இழப்பு.

இங்கே பாடு எதுவும் இல்லை. வினையையும் குட்டிச்சொல்லையும் பிரிக்க முடியாதபடி இறுக்கிப் பெயர்ச்சொல்லாக்கி, பின்னால் ‘பண்ணு’ போட்டால் தீர்ந்தது. லண்டன்காரர் ‘பிக் ஹிம் அப்’ என்று நடுவில் ஓர் ஆளை உட்காரவைப்பார். செங்கல்பட்டில் நடுவில் இடம் கிடையாது. ‘மாமாவை ஸ்டேஷன்ல பிக்கப் பண்ணிடு’ என்றால் மாமா முன்கூட்டியே வந்துவிடுவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வாசலில் ‘செக்கப்புக்கு வந்தோம்’ என்கிறவர் வாயில், ‘அப்’ நான்காம் வேற்றுமை உருபையே ஏற்றுவிட்டது.

திசையும் போயிற்று. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்வர வண்டி பேசுகிறவர், ‘அப் அண்ட் டவுன் எவ்ளோ?’ என்பார். ‘அப்’ போவது, ‘டவுன்’ திரும்புவது. போகிற பக்கம் இருப்பதோ கடல்! வழியில் திருக்கழுக்குன்றத்து வேதகிரீஸ்வரரைப் பார்க்க மலையேறினால்தான் சொல்லுக்கும் பொருளுக்கும் கொஞ்சமாவது உறவு.

ஆய்வின் தலையாய கண்டுபிடிப்பு குற்றவியல் சார்ந்தது. ‘போனை சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டேன்’ என்பது ஒப்புதல் வாக்குமூலம். ‘சுவிட்ச் ஆஃப் ஆயிடுச்சுங்க’ என்றால் முன்ஜாமீன். ‘பண்ணு’வுக்குப் பதில் ‘ஆகு’ வந்தவுடன் குற்றவாளி காணாமல் போகிறார். பரனூர் சுங்கச்சாவடிப் பக்கம் வண்டி நின்றால் ‘பிரேக்டவுன் ஆயிடுச்சு’தான், ‘பிரேக்டவுன் பண்ணிட்டேன்’ என்று சொன்ன ஓட்டுநர் இன்றுவரை ஆய்வில் சிக்கவில்லை.

வால் ஒட்டும் வித்தையில் தமிழ் மட்டும் சளைத்ததா? மாமல்லபுரத்து ஐந்துரதம் பக்கத்துக் கற்சிற்பக் கடையில் பிள்ளையாரின் துதிக்கை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ‘உடைஞ்சிடுச்சு’, ‘உடைஞ்சுபோச்சு’, ‘உடைச்சுப்புட்டான்’, ‘உடைச்சுத் தொலைச்சான்’. துதிக்கை ஒன்றுதான்; யார்மேல் எவ்வளவு கோபம் என்பதை வால் சொல்லும். தமிழ் படிக்க வந்த வெள்ளைக்காரர் நான்கையும் நோட்டில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டால் கடைக்காரர் சற்று யோசித்துச் சொல்வார்: “புரோக்கன், சார். ஆல் புரோக்கன்.”