ரவை நிபுணர்

மாத்தளை மாவட்டத்தில் இன்றைய மிளகு விலை தெரியாதவர் நாலு பேர் இருக்கலாம். துவக்கைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இல்லாதவரைப் பார்ப்பது கஷ்டம். அவர்களிலும் ஒரு தனி ரகம் உண்டு. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் அட்லஸ் பேனா செருகியிருக்கும். கைப்பேசித் திரையில் யாரோ ஓர் அமெரிக்கத் தாடிக்காரர் பட்டறை மேசை முன் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார். உக்குவளை, ரத்தோட்டை, நாவுல என்று எங்கே போனாலும் டீக்கடைக்கு ஒருவர் வீதம் இவர்கள் அகப்படுவார்கள். ஊர் கொடுத்திருக்கும் பட்டம்: ரவை நிபுணர்.

அவரிடம் துவக்கு கிடையாது.

துவக்கு வைத்திருப்பவர்கள் பேசுவது பன்றியையும் குரங்கையும் பற்றி. நிபுணருக்கு அதெல்லாம் சில்லறை விஷயம். அவருடைய பாடம் பிஸ்டல் தோட்டாவை வீட்டிலேயே கட்டும் கலை. அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இலக்குச் சுடும் பழக்கமுள்ளவர்கள் வெடித்துத் தீர்ந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, புதிய வெடிமூடியும் மருந்தும் வைத்து, கைநெம்புகோலால் புதிய ரவையை அழுத்தி மறுபடி தோட்டாவாக்குகிறார்கள். செம்பு உறை போட்ட ரவை விலை கூட. வெறும் ஈயம் மலிவு. ஆனால் குழலுக்குள் ஈயத்தைப் படியவிடும், அதற்குப் பூசும் மெழுகு புகையும். இரண்டுக்கும் நடுவில் வந்ததுதான் பூச்சு ரவை: ஈயத்தின் மேல் பிசின் போன்ற ஒரு பொருளைப் பூசி, அடுப்பில் வேகவைத்து எடுப்பது. சிவப்பு, பச்சை, நீலம், பொன்னிறம் என்று பல நிறத்தில் கிடைக்கிறது. மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் ஐந்து தேருக்கும் பூசினாலும் நிறம் மிஞ்சும்.

இவர் சொல்வதில் ஒன்றுகூடப் பிழையில்லை என்பதுதான் ஊரின் சங்கடம். பொய் சொல்கிறவராக இருந்தால் சிரித்துவிட்டு எழுந்து போகலாம்.

"ஒம்பது எம்எம்முக்குச் செம்பு ரவைன்னா விட்டம் அங்குலத்துல புள்ளி மூணு அஞ்சு அஞ்சு. பூச்சு ரவைன்னா புள்ளி மூணு அஞ்சு ஆறு. அந்த ஆயிரத்துல ஒரு பங்குதாண்ணே உயிர்நாடி!" என்பார். காரணமும் உண்டு. ரவை குழலின் வரிப்பள்ளங்களை இறுக அடைக்க வேண்டும். சிறுத்திருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை அரித்துக் குழலில் பூசிவிடும். புதிதாகப் பழகுபவர்கள் குழலில் ஈயம் ஒட்டியதைப் பார்த்ததும் இன்னும் கடினமான ஈயத்தைத் தேடுவார்களாம். பல நேரம் குற்றம் கடினத்தில் இல்லை, அளவில்தான் என்பது அவருடைய தீர்ப்பு. தாடிக்காரரின் தீர்ப்பும் அதுவே.

பூச்சு நன்றாக வெந்ததா என்று பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு. சுத்தியலால் ஓங்கி அடித்தால் ஈயம் நசுங்கலாம், பூச்சு செதிலாக உதிரக் கூடாது. அசிட்டோன் தோய்த்த துணியால் தேய்த்தால் நிறம் துணியில் ஏறக் கூடாது. சோதித்துக் காட்ட அவரிடம் ரவை ஏது? மகளின் நகப்பூச்சு அழிக்கும் போத்தலை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, வாசலில் நின்ற யாரோ ஒருவரின் சைக்கிள் மட்காட்டில் மும்முரமாகத் தேய்த்தார். துணி சிவந்தது. "பாத்தீங்களா, சரியா வேகல" என்றார். சைக்கிள்காரர் வெளியே வந்ததும் விளக்கம் திடீரென முடிந்துபோனது.

கோதின் வாயைச் சற்று விரித்துக்கொள்ளாமல் ரவையை அழுத்தினால் பூச்சு சுரண்டப்படும் என்பது அடுத்த பாடம். இதற்குப் பேனா மூடியும் சிவப்புப் பென்சிலும் போதும். மூடியின் விளிம்பில் பென்சிலை வைத்து, கழுத்து நரம்பு புடைக்கத் திணிப்பார். வர்ணம் சுருள் சுருளாக உரிந்து பக்கத்துத் தட்டிலிருந்த உளுந்து வடையின் மேல் விழும். "இப்பிடித்தான் பூச்சு போகும்" என்பார். வடைக்காரரும் போய்விடுவார்.

எடை விஷயத்தில்தான் அவர் வீட்டில் மாட்டிக்கொண்டார். 9 எம்எம் ரவை பெரும்பாலும் 115, 124, 147 கிரேன் என்று வரும். 124 கிரேன் என்பது 8 கிராம், அதாவது நகைக்கடையில் ஒரு பவுண். இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அப்ப ஈயத்துல எதுக்குங்க? தங்கத்துலயே ஒன்னு வாங்கிக் குடுங்க. பூச்சே வேணாம்."

அன்றிலிருந்து வீட்டில் அவர் 115 கிரேனைப் பற்றி மட்டும் பேசுகிறார்.

சட்டத்தை எடுத்தால் இன்னும் வேடிக்கை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமும், 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டமும் அவருக்கு மனப்பாடம். பயிர்காவலுக்கு உரிமம் உள்ள விவசாயி வைத்திருப்பது நீளக் குழல் துவக்கு. அதையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். தற்காப்புப் பிஸ்டலுக்கு உரிமம் கொடுப்பது பாதுகாப்பு அமைச்சின் கையில். அப்படிக் கொடுத்தவற்றையும் மீளாய்வுக்காக 2024 நவம்பர் 7க்கு முன் ஒப்படைக்கும்படி அமைச்சு கேட்டது. ஆக, ரத்தோட்டையில் ஒருவர் முன்விறாந்தையில் உட்கார்ந்து தோட்டா கட்டத் தொடங்கினால், பூச்சு காய்வதற்குள் ஜீப் வந்து நிற்கும். இதையும் அவரே நமக்கு விளக்குவார். விளக்கிவிட்டு, "ஆனா பூச்சுல பச்சைதாண்ணே நல்லாருக்கும்" என்று விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

யாராவது கிண்டல் செய்தால் சரித்திரத்துக்குத் தாவுவார். 1848இல் டொரிங்டன் ஆளுநர் போட்ட வரிகளில் துவக்குக்கு இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ், நாய்க்கு ஒரு ஷில்லிங். வரியை எதிர்த்து எழுந்தவர்கள் ஜூலை 26ஆம் திகதி தம்புள்ளையில் தங்கள் தலைவர் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். 28ஆம் திகதி கலகக்காரர்கள் மாத்தளைக்குள் புகுந்தார்கள். ஆகஸ்ட் 8ஆம் திகதி கலகத்தின் இன்னொரு தலைவரான புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். "துவக்கு வரிக்கு எதிரா எழும்புன ஊருண்ணே இது. இங்க வந்து ரவையப் பத்திப் பேசக் கூடாதுன்னா எப்பிடி?" என்பார். நாய் வரியை அவர் சொல்வதில்லை. கேட்பவர்களில் பாதிப் பேர் நாய் வளர்ப்பவர்கள். பேச்சு அந்தப் பக்கம் போய்விடும் என்ற பயம்.

ஒருமுறை நாவுலப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டார்: "அண்ணே, எனக்குப் பன்னெண்டு போர் ஒன்னு இருக்கு. குரங்கு தேங்கா ஒன்ன விட்டு வைக்கல, பன்றி மரவள்ளியத் தோண்டிப் போடுது. எந்தத் தோட்டா வாங்கலாம்?"

நிபுணர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அது கடையில ரெடியா வர்ற சாமான். அதுல நாம தேர்ந்தெடுக்க என்ன இருக்கு?"

விவசாயிக்கு வேண்டிய விடை அதில் இல்லை. அவர் அரசாங்கத்தை நம்பியும் பார்த்துவிட்டார். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு, நாடு முழுக்க ஐந்து நிமிடம் வீட்டுத் தோட்டத்துக் குரங்குகளையும் மயில்களையும் மரஅணில்களையும் எண்ணச் சொன்னார்கள். அவரும் பேனா பேப்பரோடு நின்றார். அந்த ஐந்து நிமிடமும் ஒரு குரங்குகூட வரவில்லையாம்.

நிபுணரிடமிருந்து அந்த விவசாயிக்கு உருப்படியாகக் கிடைத்தது ஒரே ஒரு புத்திமதி: தூண்டிலுக்கு ஈயம் கட்டிய கையோடு சாப்பிடக் கூடாது, முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், ஈயம் உடம்புக்குள் போனால் லேசில் வெளியே வராது. இது முற்றிலும் உண்மை; பிள்ளைகள் உள்ள வீடுகளில் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டியது.

மாத்தளை பஸ் நிலையத்தை அண்டிய டீக்கடைகளில் பேனா மூடியும் சிவப்புப் பென்சிலுமாக ஒருவர் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், வடைத் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செம்பு நல்லதா பூச்சு நல்லதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கண்டிக்குக் கடைசி பஸ் போய்விடும்.