உன் மருமகனுக்கு எஃப்-நாலு

அன்புள்ள அக்காவுக்கு,

"ஓசி ஸ்கூல்தானே, புள்ளய சேக்க எதுக்குடா இத்தனை மாசம்?" என்று வாய்ஸ் மெசேஜில் கேட்டிருந்தாய். உன் அங்கன்வாடி என்று நினைத்துவிட்டாய் போல. இடுப்பில் தூக்கிவந்த பிள்ளைக்கு ரெஜிஸ்டரில் பேர் எழுதி, மதியம் முட்டையும் கொடுத்து அனுப்பிவிடுவாய். இங்கே நியூயார்க்கில் நடப்பது சேர்க்கையே இல்லை, சம்பந்தம் பேசுவது.

ஓசிதான், மறுக்கவில்லை. 2014-ல் டி பிளாசியோ மேயராக இருந்தபோது, நாலு வயசுப் பிள்ளைகள் எல்லாருக்கும் முழுநாள் வகுப்பு என்று கொண்டுவந்தார். ஜட்டி நனைக்கிற பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் முகவரிக்கு இரண்டு அத்தாட்சி வேண்டும். கரண்டு பில் என்றால் 60 நாளுக்குள் வந்ததாக இருக்கணும். அத்திப்பட்டுக்காரனிடமே கரண்டு பில்! தெர்மல் ஸ்டேஷன் சாம்பலைக் கொடித்துணியிலிருந்து உதறி வளர்ந்தவன் நான். பில்லோ வீட்டுக்காரர் பேரில். அவரைக் கெஞ்சி நோட்டரி முன்னால் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினேன்.

அப்புறம் பள்ளிகளை ஆசைப்படி வரிசை போடலாம். முந்தி அனுப்பினாலும் கடைசி நாளில் அனுப்பினாலும் ஒன்றுதானாம். கும்மிடிப்பூண்டி வண்டியில் துண்டு போட்டே இடம்பிடித்த வம்சத்துக்கு இதைவிட அவமானம் உண்டா?

பிறகுதான் அந்த எண். ஒவ்வொரு பிள்ளைக்கும் கம்ப்யூட்டர் குலுக்கிப்போட்டு 32 இலக்கத்தில் ஒன்று கொடுக்கிறது. எண் என்றா சொன்னேன்? நடுநடுவே ஏ முதல் எஃப் வரை எழுத்தும் வரும். பூஜ்யத்தில் ஆரம்பித்தால் ராஜயோகம், எஃப்பில் ஆரம்பித்தால் ஏழரை. உன் மருமகனுக்கு முதல் இரண்டு இலக்கம் எஃப்-நாலு. 256 படியில் 245-ஆவது படி என்று உன் தம்பி பெண்டாட்டி கணக்குப் போட்டு என் முகத்தைப் பார்த்தாள், ஏதோ என் ஜாதகக் கோளாறு மாதிரி. பார்க்கில் அம்மாக்கள் பிள்ளையின் பேரைக் கேட்பதில்லை, "உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்கிறார்கள். பூஜ்யம்-மூன்று வாங்கிய பிள்ளை ஒன்று மண்ணைத் தின்றுகொண்டிருந்தது. அதையும் எல்லாரும் மரியாதையோடு பார்த்தார்கள். நான் ராத்திரி உட்கார்ந்து 32-ஐயும் நியூமராலஜிப்படி கூட்டினேன். எட்டு.

வரிசையையும் எண்ணையும் வைத்துப் பிள்ளைக்குப் பள்ளி பார்க்கிற இந்தப் பொருத்தக் கணக்குக்கு 1962-ல் அடிபோட்டவர்கள் கேல், ஷாப்லி என்று இரண்டு பேர். அவர்கள் கட்டுரைத் தலைப்பிலேயே கல்யாணம் இருக்கிறது! ஷாப்லிக்கு 2012-ல் நோபலே கொடுத்தார்கள். நம்ம மீஞ்சூர் தரகருக்கு வெற்றிலை பாக்கோடு சரி.

போன வாரம் முடிவு வந்தது. நாங்கள் போட்ட வரிசையில் ஒன்பதாவது பள்ளி. எதிர்த்தெருவில் ஒரு பள்ளி இருக்க, இவன் இரண்டு பஸ் மாறிப் போகணும். தினம் ஆறு மணி இருபது நிமிஷம். இவனுக்கு ஒண்ணுக்கு வந்தால்கூடத் தமிழில்தான் கேட்கத் தெரியும். அங்கே யாருக்குப் புரியும்? அழுதால் நீ தூக்கி மடியில் போட்டுக்கொள்வாய். இங்கே மடியில் உட்காரவைக்க என்ன ஃபாரம் கேட்பார்களோ.

அம்மாவிடம் மட்டும், கேட்ட ஸ்கூலே கிடைத்துவிட்டது, ஊரிலேயே முதல் நம்பர் ஸ்கூல் என்று சொல்லியிருக்கிறேன். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. நீ வாயைத் திறந்து எதையாவது உளறிவைக்காதே.

அன்புடன்,
உன் தம்பி