பாதி முடி அகலம்

புல்லட் ஹெட்டைக் கழற்றுவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. திரும்ப மாட்டும்போதுதான் என் லட்சணம் வெளியே வரும்.

வண்டி திருவொற்றியூரில் பிறந்த பழைய காஸ்ட் அயர்ன் 350. போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90, மொத்தம் 346 சிசி. இதை யாரும் கேட்காமலே ஒப்பிப்பேன். ஆனால் இரும்பு பீப்பாய்க்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஹெட் அலுமினியம் என்பது, சுத்தியலை ஓங்கிய நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆக்ஸிலேட்டரை விட்டுத் திரும்ப முறுக்கினால் பின்னால் நீலப் புகை. வால்வு கைடு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். இந்த முடிவு வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது.

போர்ட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கைடு நுனியில் கரி இறுகிக் கிடக்கும். அதைச் சுரண்டி எடுத்து, ஹெட்டைச் சூடாக்கி, அதற்கப்புறம்தான் மேல்பக்கமாகத் தட்டி எடுக்க வேண்டும். நான் சுரண்டவும் இல்லை, சூடாக்கவும் இல்லை. இன்லெட் கைடு தன் கரியையும் இழுத்துக்கொண்டு ஏறி, அலுமினியத் துளையில் நீளவாக்கில் கோடு போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தது. ஜி.பி. ரோட்டில் வாங்கி வைத்திருந்த புதுக் கைடு அதற்குள் லொடலொடத்தது. லேத்தில் சற்றுப் பருத்த கைடு ஒன்று கடைந்து வாங்கினேன். 'துளை ஏன் சார் இப்படி இருக்கு?' என்றார் லேத்காரர். 'முன்னாடி எவனோ வேலை தெரியாதவன் கை வச்சிருக்கான் அண்ணே' என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

மாட்டும்போது சாஸ்திரப்படி செய்வது என்று கைடுகளை ஃப்ரீஸரில் ஐஸ்கிரீம் பக்கத்தில் வைத்தேன். வீட்டில் இதற்கு நடந்த விசாரணையை இங்கே எழுதப்போவதில்லை. பிற்பாடு கணக்குப் போட்டேன். 15 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்பு கைடு, சென்னை வெயிலிலிருந்து ஃப்ரீஸர் குளிருக்குப் போனால் சுருங்குவது 0.008 மில்லிமீட்டர். அதே அளவு துளை, அலுமினிய ஹெட்டை 150 டிகிரிக்குச் சூடாக்கினால் விரிவது 0.04 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியில் ஏறக்குறைய பாதி. கைடு இறுக்கமாக நிற்க விடுகிற அளவும் கிட்டத்தட்ட அந்தப் பாதி முடிதான். ஆக வேலை முழுக்க அடுப்பின் கையில் இருக்க, நான் சண்டை போட்டது ஃப்ரீஸருக்காக. அடுப்பில் ஹெட் சூடாகி வந்த பிறகாவது சுறுசுறுப்பாக இருந்தேனா என்றால், கையுறையைத் தேடினேன். அது கிடைப்பதற்குள் பாதி முடி கால் முடியாகிவிட்டது. எக்ஸாஸ்ட் கைடு நடுவழியில் நின்றுகொண்டது. ஹெட்டைத் திரும்ப அடுப்பில் ஏற்ற வேண்டியிருந்தது.

கைடின் உள்துளையைச் சீராக்கும் ரீமரைப் பின்பக்கம் சுற்றியதைப் பற்றியும் சொல்லலாம். அதன் முனைகள் மழுங்கும், துளையும் கெடும் என்று தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று இருக்கிறது. பழைய கைடைத் தட்டி எடுப்பதற்கு முன்பு, புதுசு வருவதற்காகக் காத்திருந்த நாட்களில் சும்மா இருப்பானேன் என்று, பழைய கைடிலேயே புது வால்வைச் செருகி, பேஸ்ட் தடவி, குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, மோர் கடைவது போல வால்வு சீட்டை அரைத்து முடித்திருந்தேன். சுற்றிலும் சாம்பல் நிறத்தில் ஒரே சீரான வளையம்; போட்டோ கூட எடுத்தேன். புதுக் கைடு இறங்கியதும் அந்த வளையம் ஒன்றுக்கும் உதவாமல் போனது. வால்வு எந்த அச்சில் ஏறி இறங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கைடு. அதன் மையம் இம்மி நகர்ந்தாலும் சீட்டின் ஒரு பக்கம்தான் வால்வைத் தொடும். அதனால்தான் முதலில் கைடு, அப்புறம் கைடுக்குள் பைலட்டை நிறுத்தி 45 டிகிரியில் சீட் கட்டிங், கடைசியில் பேருக்குக் கொஞ்சம் பேஸ்ட்.

கட்டர் இல்லாத நான் பேஸ்ட்டாலேயே சரிக்கட்டப் பார்த்தேன். அரைக்க அரைக்க ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய தொடுபட்டை அகன்றது, வால்வு உள்ளே இறங்கியது. பட்டை அகன்றால் ஸ்பிரிங்கின் அழுத்தம் பரவிப்போய்க் கரியை நசுக்க வலு இருக்காது; ஒரேயடியாகக் குறுகினாலோ எக்ஸாஸ்ட் வால்வின் சூடு சீட்டுக்குள் இறங்க வழியில்லாமல் வால்வே கருகும். போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றினால் மறுபக்கம் தாராளமாகக் கசிந்தது. நண்பர்களிடம், 2000-த்தில் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தினார்களே, அன்றிலிருந்தே பழைய வண்டிகளின் சீட் நிற்பதில்லை என்று பேசித் திரிந்தேன். அந்த பெட்ரோல் நின்ற நாளில் எனக்கு சைக்கிளே சரியாக ஓட்ட வராது என்பதை யாரும் நினைவூட்டவில்லை.

கடைசியில் அதே லேத்காரரிடம் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். புது சீட் இறக்கி, பைலட் நிறுத்தி, மூன்று கோணத்தில் வெட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி எனக்குக் காட்டினார். ஒரு சொட்டு இல்லை. கூலியைச் சொன்னார். அதிகமாகத் தெரிகிறதே அண்ணே என்றேன்.

'சீட்டுக்கு வழக்கமான கூலிதான் சார். மிச்சம், முன்னாடி கை வச்சவன் கணக்கு' என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.